13 வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் லீக் வாரம்: ஆட்ட முடிவுகளும், நம் வேகப்பந்துப் பையனைப் பற்றி ஒரு கேள்வியும்

ஸ்கோர்மேசை · புதன், இரவு 9.40

வணக்கம். வாட்சப் குழுவில் துண்டு துண்டாக வந்ததை இங்கே ஒரே இடத்தில் போடுகிறேன். வேலை காரணமாகத் திடலுக்கு வர முடியாத பெற்றோர்களுக்கு உதவும்.

சனிக்கிழமை முதல் ஆட்டம். நாம் 20 ஓவரில் 6 விக்கெட்டுக்கு 112, எதிரணி 89 ஆல் அவுட். ஞாயிறு மதியம் ஒன்றரைக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் மழையில் போனது, அதைச் செவ்வாய்க்கு மாற்றினார்கள். திங்களன்று 7 ரன்னில் தோற்றோம். செவ்வாய் 5 விக்கெட்டில் வெற்றி. இன்று எதிரணி 14.2 ஓவரில் (14 ஓவர், 2 பந்து) 68க்குச் சுருண்டது, நாம் 11 ஓவரில் அடித்து முடித்தோம். ஆக நான்கில் மூன்று வெற்றி, பட்டியலில் இரண்டாம் இடம், சனிக்கிழமை அரையிறுதி.

திங்கள் தோற்ற ஆட்டத்தில் ஒன்றை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். அணியிலேயே உயரம் குறைந்த நம் பையன் கவர் என்ற ஃபீல்டிங் இடத்தில் நின்றிருந்தான். பந்து அவனுக்கு வலப்பக்கம் போனது. ஓடி, ஒரு கையில் எடுத்து, கண்ணுக்குத் தெரிந்த ஒரே ஸ்டம்பைக் குறிபார்த்து அடித்துவிட்டான். எதிரணிப் பெற்றோர்களும் எழுந்து கைதட்டினார்கள்.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன். நம் தொடக்க வலக்கை வேகப்பந்து வீச்சாளர் நான்கு ஆட்டத்திலும் போட்டிருக்கிறான். புத்தகத்தில் 15.2 ஓவர், 9 விக்கெட். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று எங்கள் மேசை ஃபைன் லெக் பக்கம் இருந்தது, அவன் ஓவருக்கு ஓவர் அங்கேதான் வந்து நின்றான். மூன்றாவது ஓவர் முடித்து வந்தபோது இடது கையால் கீழ்முதுகின் இடப்பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றான். பந்து அவன் பக்கம் உருண்டு வந்தபோது குனிந்து எடுக்கவில்லை. முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்து எடுத்தான். "என்னய்யா, வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்ல ஆன்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஓவருக்குப் போய்விட்டான். ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும் பந்து மறுபடி அவன் கைக்கே போனது.

அவனுக்கு வயது 12. இந்த வயதில் ஒரு வாரத்துக்கு எவ்வளவு போடலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை, அந்தப் பையனுக்காக எழுதுகிறேன்.

---

துணைக்கோச் · புதன், இரவு 10.25

அக்கா, முடிவுகளைத் தொகுத்துப் போட்டதற்கு நன்றி. கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

20 ஓவர் ஆட்டத்தில் ஒருவருக்கு 4 ஓவர்தான் உச்சம். லீக் விதியே அவனைக் காப்பாற்றுகிறது. நாங்கள் அதற்கு மேல் ஒரு பந்துகூடப் போடச் சொல்லவில்லை. நம்மிடம் நம்பிக்கையோடு பந்து போடக்கூடியவர்கள் ஐந்து பேர், அதில் இருவர் இந்த வருஷம் சேர்ந்தவர்கள். ஆட்டம் ஆட்டமாகத் தோற்றால் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஃபுட்சால், பூப்பந்து என்று போய்விடுவார்கள். அணியைக் கட்டி நிறுத்த வெற்றியும் வேண்டும்.

இன்று கடைசியில் அவனைக் கூப்பிட்டது நெட் ரன் ரேட்டுக்காக (நாம் ஓவருக்கு எடுத்த ரன்னில் எதிரணி ஓவருக்கு எடுத்ததைக் கழித்து வருவது; புள்ளி சமமானால் அதைத்தான் பார்ப்பார்கள்). மூன்று அணிகள் ஒரே புள்ளியில் நிற்கும் நிலை இருந்தது. சீக்கிரம் ஆல் அவுட் ஆக்கினால் நமக்கு ஏறும் என்று முடிவெடுத்தோம். பையனும் கேட்டு வாங்கித்தான் போட்டான்.

ஞாயிறு ஆட்டம் மழையில் போகாமல் இருந்திருந்தால் திங்கள், செவ்வாய், புதன் என்று வரிசையாக ஆடும் நிலையே வந்திருக்காது. திடல் கிடைக்கும் நாளில்தான் ஆட முடியும். கின்ராரா ஓவல் இருந்த காலம் வேறு. 2008 மார்ச்சில் விராட் கோலியின் 19 வயதுக்குட்பட்டோர் அணி உலகக் கோப்பையை வென்ற திடல் அது. பூச்சோங்கில், நம் வீட்டு வாசலில் இருந்தது, இன்று நமக்கு இல்லை. பாண்டமாரானில் பாயுமாஸ், பாங்கியில் யூ.கே.எம். ஓவல் இரண்டும் பெரிய ஆட்டங்களுக்கே போய்விடுகின்றன. சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளித் திடல்தான், அதுவும் யாரும் கேட்காத நேரத்தில்.

---

பத்துமலை_பவுலர் · புதன், இரவு 11.05

தம்பி, திடல் பிரச்சினை எனக்கும் தெரியும், நீங்கள் படும் பாடும் தெரியும். ஆனால் "4 ஓவர்தானே" என்ற கணக்கை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் அது 4 ஓவர் இல்லை. இந்த வயதுப் பிள்ளைகள் ஓவருக்கு ஒன்றிரண்டு வைடு போடுவார்கள், அதையெல்லாம் மறுபடி போட வேண்டும். அக்காவின் புத்தகத்தில் வைடு, நோ பால் எல்லாம் சேர்த்து எண்ணினால் எத்தனை பந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முதுகுக்கு அம்பயரின் கை தெரியாது. வைடாகப் போன பந்துக்கும் அதே ஓட்டம், அதே குதிப்பு, அதே தரையிறக்கம்தான்.

இரண்டாவது, நாம் ஆடுவது சிமெண்ட் தரை மேல் போட்ட மேட் விரிப்பில். புல் தரையில் முன்கால் ஊன்றும்போது மண் கொஞ்சம் இடம் கொடுக்கும். சிமெண்ட் கொடுக்காது. வேகப்பந்து வீச்சில் முன்கால் ஊன்றும் நொடியில் உடல் எடையைப்போல் பல மடங்கு விசை காலில் ஏறி இடுப்புக்கு வருகிறது. அந்த நொடியில்தான் முதுகு வளைந்தும் திரும்பியும் இருக்கிறது.

நான் சிலாங்கூரில் கிளப் ஆட்டம் ஆடியவன், 17 வயதில் முதுகு போனது. என் கதை யாருக்கும் தெரியாது, பரவாயில்லை. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் கதை தெரியுமே. 2011 நவம்பரில் 18 வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட், 7 விக்கெட், ஆட்ட நாயகன். அடுத்த டெஸ்ட் எப்போது ஆடினார்? 2017 மார்ச்சில், ராஞ்சியில். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் போனது, பெரும்பாலும் முதுகால். உலகத்திலேயே நல்ல மருத்துவர்களும் பிசியோக்களும் கூடவே இருந்த ஒருவருக்கு அந்த நிலை. நம் லட்சுமிபதி பாலாஜி 2004 பாகிஸ்தான் பயணத்தில் எப்படிச் சிரித்துக்கொண்டே போட்டார், பிறகு முதுகுக் காயம் அவர் வேகத்தை என்ன செய்தது என்று பார்த்தோமே. பும்ரா 2023இல் முதுகில் அறுவை செய்துகொண்டுதான் திரும்பி வந்தார். அவர்கள் எல்லாம் வளர்ந்த ஆட்கள். இவன் எலும்பு இன்னும் முற்றவே இல்லை.

---

பிசியோ_ஷா_ஆலம் · வியாழன், காலை 6.50

வேலைக்குக் கிளம்பும் முன் படித்தேன். ஸ்கோர்மேசை அக்கா எழுதிய அந்த ஒரு வரிக்காகத்தான் உடனே எழுதுகிறேன்: வலக்கை வீச்சாளர், இடப்பக்கக் கீழ்முதுகு.

பார்க்காமல் யாருக்கும் நோய் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் வளரும் வயதில் வேகமாகப் பந்து போடும் பிள்ளைக்கு, பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் கீழ்முதுகு வலி வந்தால், வேறு காரணம் என்று நிச்சயமாகும்வரை எலும்பில் அழுத்தக் கீறல் இருக்கலாம் என்று எண்ணித்தான் நடந்துகொள்ள வேண்டும். கீழ்முதுகின் கடைசி இரண்டு எலும்புக் கண்ணிகளில், பின்பக்கம் ஒரு மெல்லிய எலும்புப் பகுதி உண்டு. ஒவ்வொரு பந்துக்கும் வளைவும் திருகலும் அங்கேதான் இறங்குகின்றன. நாள் இடைவெளி கிடைத்தால் எலும்பு தன்னைத்தானே கெட்டிப்படுத்திக்கொள்ளும். கிடைக்காவிட்டால் கீறல் பெருகும்.

ஆரம்பக் கட்டத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது உண்டு, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். "எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றுமில்லை" என்று திரும்பவும் பந்தைக் கையில் கொடுத்துவிடுவது எனக்குப் பழக்கமான காட்சி. ஆரம்பத்திலேயே பிடித்தால் சில மாத ஓய்வில் ஆறிவிடும். விட்டால் முழு முறிவாகி, சிலருக்குக் கடைசிவரை ஒட்டாமலே நின்றுவிடும்.

அளவு கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வேகப்பந்து வீச்சாளர்களுக்குப் பல ஆண்டுகள் வைத்திருந்த அளவு இது: 13 வயது வரை ஒரு ஸ்பெல்லுக்கு (இடைவிடாமல் ஒரே மூச்சில் போடுவது) 5 ஓவர், நாளுக்கு 10 ஓவர். 14, 15 வயதில் 6ம் 12ம். அதோடு சேர்த்துச் சொன்ன இன்னொன்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போடக் கூடாது, எந்த ஏழு நாளை எடுத்தாலும் நான்கு நாளுக்கு மேல் போடக் கூடாது. ஓவர் கணக்கில் நம் பையன் வரம்புக்குள்தான் இருக்கிறான். நாள் கணக்கில் பாருங்கள்: திங்கள், செவ்வாய், புதன்.

பையனின் பெற்றோர் இதைப் படித்தால், தயவுசெய்து மருத்துவர் பார்க்கும்வரை பந்து போட விட வேண்டாம். யூட்யூப் பார்த்து வீட்டில் வளைத்துச் சோதித்தும் பார்க்க வேண்டாம்.

---

வெள்ளைத்தொப்பி · வியாழன், காலை 8.15

உடல் விஷயத்தில் பிசியோ அம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. நெட் ரன் ரேட் பற்றி மட்டும் ஒரு விளக்கம், ஏனென்றால் அதை வைத்துத்தான் அந்தக் கடைசி ஓவர் போயிருக்கிறது.

ஓர் அணி ஆல் அவுட் ஆனால், அது எத்தனை ஓவர் ஆடியது என்பது கணக்கில் வராது. முழு 20 ஓவரும் ஆடியதாகவே வைத்துத்தான் வகுப்பார்கள். நேற்று 68. பதினைந்தாவது ஓவரில் ஆல் அவுட் ஆனாலும் பத்தொன்பதாவது ஓவரில் ஆனாலும் 68ஐ 20ஆல் வகுத்தால் 3.40தான். கடைசி ஜோடி இன்னும் மூன்று ஓவர் நின்று 6 ரன் சேர்த்திருந்தால் 3.70 ஆகியிருக்கும். கடைசி விக்கெட்டில் சேமித்தது அவ்வளவுதான்.

மற்றப் பக்கத்தைப் பாருங்கள். 69 ரன்னை 11 ஓவரில் அடித்தோம், ஓவருக்கு 6.27. அதையே 9 ஓவரில் அடித்திருந்தால் 7.67. ரன் ரேட் ஏற வேண்டுமென்றால் பேட்டிங்கில் அவசரம் காட்டலாம். கடைசி விக்கெட்டுக்கு யார் பந்து போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. எல்லா ஆட்டத்து ரன்னையும் ஓவரையும் சேர்த்துக் கூட்டித்தான் இறுதிக் கணக்கு என்பதால், ஒரே ஆட்டத்தில் வரும் அந்தச் சின்ன மாற்றம் இன்னும் கரைந்துபோகும்.

ஞாயிறு பற்றியும் சிலர் கேட்டார்கள். மழை நின்ற பிறகும் ஏன் தொடங்கவில்லை என்று. மின்னலைப் பார்த்து 30 வினாடிக்குள் இடி கேட்டால் எல்லாரும் உள்ளே போக வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆன பிறகுதான் வெளியே வரலாம். அன்று ஒவ்வொரு முறை அரைமணி முடியும் நேரத்திலும் இன்னொரு இடி. கிள்ளான் பள்ளத்தாக்கில் மதிய ஆட்டம் போட்டால் இது வாடிக்கை. காலை எட்டரைக்கு ஒரே ஆட்டம் வைப்பதே நல்லது என்று லீக்கிடம் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

---

துணைக்கோச் · வியாழன், மதியம் 12.30

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஆல் அவுட் கணக்கை மற்றக் கோச்சுகளுக்கும் அனுப்பிவிட்டேன்.

பத்துமலை அண்ணே, பிசியோ அக்கா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். போட்டுப் போட்டுத்தானே பந்து வீச வரும்? பொத்திப் பொத்தி வைத்தால் 15 வயதில் திடீரென்று எம்.எஸ்.எஸ்.எம். (மலேசியப் பள்ளி விளையாட்டு மன்றம்) தேர்வுக்குப் போய் நிற்கும்போது உடம்பு தாங்குமா?

---

பிசியோ_ஷா_ஆலம் · வியாழன், மதியம் 1.10

தாங்காது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி, தம்பி. சுமையே இல்லாத எலும்பு பலம் பெறாது. ஆபத்து எங்கே என்றால், திடீர் ஏற்றத்தில். சாதாரண வாரத்தில் 60 பந்து போடும் பிள்ளை, லீக் வாரம் வந்ததும் 200 பந்து போடுவது. அந்த 60 படிப்படியாக 70, 80 என்று ஏறி, நடுவில் ஓய்வு நாளும் இருந்தால் அதே உடம்பு தாங்கிக்கொள்ளும். அவன் சாதாரணமாக வாரத்துக்கு எத்தனை போடுகிறான் என்று கிளப்பில் யாருக்காவது தெரியுமா?

---

நெட்ஸ்_அப்பா · வியாழன், இரவு 8.30

நான்தான் அந்தப் பையனின் அப்பா. ஸ்கோர்மேசை அக்கா, கவனித்துச் சொன்னதற்கு நன்றி. வீட்டிலும் "ஒன்றுமில்லை" என்றுதான் சொன்னான். இன்று மாலை உட்கார வைத்துக் கேட்டபோது, திங்கள் முதலே வலிக்கிறது என்று சொல்கிறான். சொன்னால் சனிக்கிழமை ஆட விடமாட்டார்கள் என்று பயந்திருக்கிறான்.

பிசியோ அம்மா கேட்ட கணக்கை இருவரும் சேர்ந்து எழுதிப் பார்த்தோம். போன வெள்ளி பள்ளி அணிப் பயிற்சி, சுமார் 40 பந்து. சனி லீக். ஞாயிறு ஆட்டம் மழையில் போனதும், நாள் வீணாகக் கூடாது என்று அவன் போகும் தனியார் பயிற்சி வகுப்பில் உள்ளரங்கு நெட்ஸுக்கு, அதாவது வலைப் பயிற்சிக்கு, கூப்பிட்டார்கள். அங்கே சுமார் 50, தரை சிமெண்ட், மேலே மெல்லிய கம்பளம். திங்கள், செவ்வாய், புதன் லீக். ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கு முன்பும் ஓரமாக இரண்டு ஓவர் சூடேற்றம், நான்கு ஆட்டத்துக்கு 48. வைடும் நோ பாலும் எத்தனை என்று அக்காவிடம் போனில் கேட்டேன், 21. 15.2 ஓவருக்கு 92 பந்து, அதோடு சேர்த்தால் ஆட்டத்தில் மட்டும் போட்டது 113.

கூட்டினால் 251. ஏறத்தாழ 42 ஓவர். ஆறு நாள், ஒரு நாள்கூட விடாமல்.

பள்ளி ஆசிரியருக்கு அந்த 40 மட்டும் தெரியும். பயிற்சி வகுப்பில் அந்த 50 மட்டும். கிளப்புக்கு 15.2 ஓவர். யாருமே அதிகம் போடச் சொல்லவில்லை. மூன்று கடையில் பற்று வைத்த வீடு மாதிரி, ஒவ்வொரு கடைக்காரருக்கும் கடன் கொஞ்சம்தான்.

நாளை மருத்துவரைப் பார்க்கிறோம்.

---

பினாங்கு_பசங்க · வியாழன், இரவு 9.15

ஐயா, பையன் சீக்கிரம் நலமாகட்டும். கூட்டுக் கணக்கு யார் கையிலும் இல்லை என்பதுதான் எல்லா ஊரிலும் பிரச்சினை. பினாங்கில் திடல் இன்னும் குறைவு, அதனால் பள்ளி, கிளப், மாவட்டம் மூன்றுக்கும் ஒரே பையன்கள்தான் ஆடுவார்கள். எங்கள் கிளப்பில் இப்போது ஒவ்வொரு வேகப்பந்துப் பிள்ளையின் பையிலும் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. எங்கே போட்டாலும் போட்ட அன்றே அவனே எழுத வேண்டும், நெட்ஸ் உட்பட. ஓவர் இல்லை, பந்து எண்ணிக்கை. கோச் அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் பந்தைக் கொடுப்பார்.

முதலில் பிள்ளைகள் எழுதச் சோம்பல்பட்டார்கள். கோச் எல்லார் முன்னாலும் வாசிக்கத் தொடங்கியதும் வழிக்கு வந்துவிட்டார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். எந்தப் பந்தில் ஆடுகிறீர்கள்? பெரியவர்கள் பந்து 156 முதல் 163 கிராம். 13 வயதுக்குட்பட்டோருக்கு விதிப்படி 133 முதல் 144 கிராம். கடையில் சின்னப் பந்து இல்லை என்று சில இடங்களில் பெரிய பந்தையே கொடுத்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் சின்னப் பிள்ளைகளுக்கு 16 மீட்டர், 18 மீட்டர் என்று பிட்சையே சுருக்கிவிட்டார்கள். தூரம் குறைந்தால் பிள்ளை உடம்பை முறுக்கி எறிய வேண்டியதில்லை, வைடும் குறையும்.

---

லெக்ஸ்பின்_அம்மா · வியாழன், இரவு 10.00

எல்லாரும் ஓய்வைப் பற்றிப் பேசுகிறீர்கள், சரிதான். அவன் ஓய்வெடுத்தால் அந்த நான்கு ஓவரை யார் போடுவார்கள் என்பதையும் பேசுவோம்.

என் மகள் இந்த அணியில் லெக் ஸ்பின் போடுகிறாள். நான்கு ஆட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது மூன்று ஓவர். தினமும் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துமிடத்துச் சுவரில் சாக்பீஸால் ஸ்டம்ப் வரைந்து போட்டுப் பழகுகிற பிள்ளை. பெண் பிள்ளை என்பதால் கொடுக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சின்ன வயது ஆட்டத்தில் வேகம்தான் விக்கெட் எடுக்கும் என்று எல்லாரும் நினைக்கிறோம், அதைத்தான் சொல்கிறேன்.

2025இல் 19 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை இங்கேயே நடந்தது. பாயுமாஸ் திடலுக்கு மகளைக் கூட்டிப் போனேன். நம் மலேசியப் பிள்ளைகளை இந்தியா 31 ரன்னில் சுருட்டியது. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. வைஷ்ணவி சர்மா 5 ரன் கொடுத்து 5 விக்கெட், அதில் ஹாட்ரிக். இடக்கை சுழல். தொடர் முடியும்போது அதிக விக்கெட் எடுத்தவரும் அவர்தான், 17. அவருக்கு அடுத்து நின்ற ஆயுஷி சுக்லாவும் இடக்கை சுழல். இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 82க்குச் சுருட்டியபோது 3 விக்கெட் எடுத்த திரிஷா போட்டது லெக் ஸ்பின். கோப்பை சுழலில் வந்தது, என் மகள் அதைக் கண்ணால் பார்த்தவள்.

---

பத்துமலை_பவுலர் · வியாழன், இரவு 10.40

தங்கச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. இன்னொன்றும் அதே பாயுமாஸில் நடந்தது. 2023 ஜூலையில் சீனாவுக்கு எதிராக நம் சியாஸ்ருல் இட்ருஸ் 4 ஓவரில் 8 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஆண்கள் அனைத்துலக டி20இல் அது அன்று உலகச் சாதனை. ஏழும் போல்ட். அவர் வேகப்பந்து வீச்சாளர்தான், ஆனால் ஏழு போல்ட் என்றால் என்ன அர்த்தம்? நேராக, ஸ்டம்புக்குப் போட்டார். பிள்ளைகளுக்கு முதலில் அதைச் சொல்லிக்கொடுங்கள். எகிறிக் குதித்து வேகம் காட்டுவது எலும்பு முற்றிய பிறகு தானாக வரும்.

பந்து போடாத நாளில் பையன் சும்மா உட்கார வேண்டும் என்பதும் இல்லை, மருத்துவர் அனுமதித்தால். நம் கோலாலம்பூரில் 1909இல் பிறந்த லால் சிங், இந்தியா ஆடிய முதல் டெஸ்டில், 1932 லார்ட்ஸில் ஆடினார். அவரைப் பற்றி எல்லாரும் முதலில் சொல்வது அவர் ஃபீல்டிங்கைத்தான். ஃபிராங்க் வூலி போன்ற பெரிய ஆட்டக்காரரை அன்று ரன் அவுட் ஆக்கினார். திங்கள் கவரில் நம் சின்னப் பையன் செய்ததைப் படித்ததும் எனக்கு அவர்தான் நினைவுக்கு வந்தார்.

---

துணைக்கோச் · வெள்ளி, இரவு 9.20

இன்று தலைமைக் கோச்சுடன் உட்கார்ந்து பேசினோம். பையன் நாளை ஆட மாட்டான், அணியோடு இருப்பான், ஸ்கோர் மேசையில் அக்காவுக்கு உதவுவான். அவன் ஓவர்கள் லெக் ஸ்பின் போடும் பிள்ளைக்கும் புதிதாக வந்த இடக்கைப் பையனுக்கும்.

இனி எங்கள் பயிற்சியில் வேகப்பந்துப் பிள்ளைகளுக்குப் பந்து எண்ணித்தான் கொடுப்போம். லீக்கில் தொடர்ந்து மூன்று நாள் ஆட்டம் வந்தால் மூன்றாம் நாள் எந்த வேகப்பந்துப் பிள்ளைக்கும் பந்து இல்லை. தோற்றாலும் சரி.

---

நெட்ஸ்_அப்பா · வெள்ளி, இரவு 10.05

மருத்துவர் பார்த்தார். பின்னால் வளையும்போது இடப்பக்கம் வலிக்கிறது. அடுத்த வாரம் எம்.ஆர்.ஐ., அதுவரை பந்து போடுவது, ஓடுவது இரண்டும் இல்லை. பையன் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கம்மின்ஸ் கதையைச் சொன்னேன். "அஞ்சு வருஷமா?" என்று கேட்டான். "ஆமாம், அப்புறம் ஆஸ்திரேலியாவுக்கே கேப்டன்" என்றேன். கொஞ்சம் சாப்பிட்டான்.

---

ஸ்கோர்மேசை · சனி, மாலை 4.15

அரையிறுதி முடிவு. எதிரணி 20 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 104. நாம் 9 விக்கெட்டுக்கு 98. 6 ரன்னில் தோற்றோம்.

லெக் ஸ்பின் 4 ஓவர், 19 ரன், 2 விக்கெட். இரண்டாவது விக்கெட் ஸ்டம்பிங். பேட்ஸ்மேன் இரண்டடி இறங்கி வந்து சுற்றினான், பந்து மேட் விரிப்பில் பட்டு வெளியே திரும்பியது, கீப்பர் முதல் தடவை தவறவிட்டு இரண்டாம் தடவை பிடித்து அடித்தான். அதற்குள்ளும் அவனால் திரும்ப முடியவில்லை, அவ்வளவு தூரம் இறங்கியிருந்தான். இடக்கைப் பையன் முதல் ஓவரில் 5 வைடு. அடுத்த மூன்று ஓவரில் ஒரே ஒரு வைடு.

என் பக்கத்தில் உட்கார்ந்து பந்துக்குப் பந்து புள்ளி வைத்தது நம் வேகப்பந்துப் பையன்தான். கையெழுத்து சுத்தம். ஒவ்வொரு வைடையும் அவனே தனியாக எண்ணி ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறான்.

---

செந்தூல்_ரசிகன் · சனி, மாலை 5.00

எல்லாம் சரி. ஆனால் அவன் நான்கு ஓவர் போட்டிருந்தால் இறுதி ஆட்டத்தில் இருந்திருப்போம். பிள்ளைகள் அழுதுகொண்டு வேனில் ஏறியதைப் பார்க்க முடியவில்லை. எனக்கு வருத்தம் வருத்தம்தான்.

---

பத்துமலை_பவுலர் · சனி, மாலை 5.30

வருத்தப்படுங்கள் தம்பி, எனக்கும் வருத்தம்தான். வென்றிருக்கவும் கூடும். இருந்தாலும் அந்த 24 பந்தை ஒரு 12 வயது முதுகிடம் கேட்க இன்று நமக்கு உரிமை இல்லை. அடுத்த லீக்குக்கு இன்னும் இரண்டு வீச்சாளர்களைத் தயார் செய்வோம், ஞாயிறு காலைகளில் நான் வந்து உதவுகிறேன். கோச், சொல்லுங்கள்.

---

துணைக்கோச் · சனி, மாலை 6.10

வாருங்கள் அண்ணே. எட்டு மணிக்கு. இடக்கைப் பையனை உங்களிடமே விடுகிறேன்.

---

ஸ்கோர்மேசை · ஞாயிறு, காலை 9.00

பினாங்கு நண்பர் சொன்ன நோட்டு யோசனையைக் கிளப் கூட்டத்தில் ஏற்றுக்கொண்டார்கள். தேதி, இடம், எத்தனை பந்து, தரை புல்லா சிமெண்டா, வலி உண்டா இல்லையா, அவ்வளவுதான் கட்டங்கள். கடைசிக் கட்டத்தைப் பிள்ளையே நிரப்ப வேண்டும், பெற்றோர் இல்லை. "உண்டு" என்று எழுதினால் அணியிலிருந்து நீக்க மாட்டோம், பேட்டிங்கும் ஃபீல்டிங்கும் உண்டு என்று தலைமைக் கோச் எல்லாப் பிள்ளைகளிடமும் நேராகச் சொல்லிவிட்டார். நெட்ஸ் அப்பா பள்ளி ஆசிரியரிடமும் பேசிவிட்டார். அவரும் அதே நோட்டில் எழுதச் சம்மதம்.

புதன் பயிற்சிக்கு நோட்டுகள் எடுத்து வருகிறேன். யார் யாருக்கு வேண்டும் என்று இங்கேயே எழுதுங்கள். சுழல் போடும் பிள்ளைகளும் கேட்டால் கொடுக்கலாம்.

---

லெக்ஸ்பின்_அம்மா · ஞாயிறு, காலை 9.25

எங்களுக்கு ஒன்று, அக்கா. கார் நிறுத்துமிடத்தில் போடுவதையும் எழுத வேண்டுமா என்று மகள் கேட்கிறாள்.

---

பிசியோ_ஷா_ஆலம் · ஞாயிறு, காலை 9.40

அதையும் எழுதச் சொல்லுங்கள். தரை: சிமெண்ட்.